தஞ்சாவூர்ப் பக்கம் போகும் முன் எவ்வளவு விசாரிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் உறவில் யார் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கிளம்பினாலும் எனக்கு ஒரு போன் வரும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நான் அங்கே போய்விடுவதால் வந்த பெயர். கேட்பவர்களில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, யூடியூபில் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, காலை 5.40க்கு என்ன, 6.15க்கு என்ன என்று எக்செல் போட்டு வைத்திருக்கும். இன்னொன்று, "போய்ப் பாத்துக்கலாம்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றபடி கேட்கும். இரண்டு கட்சிக்கும் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பதில்கள் இவை. மூன்று நாள் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால் என்ன கெட்டுப்போகும்?

கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள தாராசுரம் கோயிலில் ஒரு சிற்பம் இருக்கிறது. காளையும் யானையும் எதிரெதிரே நிற்கும், ஆனால் இரண்டுக்கும் தலை ஒன்றுதான். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. நான் சின்ன வயதில் பார்த்தபோது அங்கிருந்த ஒரு பெரியவர் தன் துண்டால் ஒரு பக்கத்தை மூடிக்காட்டினார். வாயைப் பிளந்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

சில வருஷம் முன்பு என் அக்கா மகனை அதே இடத்துக்குக் கூட்டிப்போனேன். நான் கையைக் கொண்டுபோகும் முன்பே அவன் சொல்லிவிட்டான்: "தெரியும் மாமா, ரீல்ஸ்ல பாத்துட்டேன்." அப்புறம் சரிபார்ப்பதுபோல ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்தான். பையன்மேல் குற்றம் இல்லை. விடுகதையை அவனுக்கு விடையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

(இப்போது உங்களுக்கும் நான் அதையே செய்துவிட்டேன். இந்த ஒன்றுக்கு மன்னியுங்கள், இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.)

அப்படியென்றால் ஒன்றும் விசாரிக்காமல் போவதுதான் நல்லதா?

அதையும் செய்து பார்த்தாயிற்று. ஒரு மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்த அத்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு கோயில் வாசலில் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு ஐம்பது. நடை சாத்தி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நிழலுக்கு ஒரு பூக்கடைப் பந்தல், அதில் உட்கார ஒரு ஸ்டூல். அத்தைக்கு முட்டிவலி வேறு. எதிர்பாராத அனுபவந்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பயணத்தின் இன்பம் என்று சொன்னால் அத்தை இன்றைக்கும் அடிக்க வருவார்.

அன்றிலிருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு இது. உங்களை வெளியே நிறுத்திவிடக்கூடிய விஷயங்கள் எவையோ, அவற்றை நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்: நடை, ரயில், அறை, தேதி, தண்ணீர். உள்ளே போனபின் கண்ணில் படப்போவதை முடிந்தவரை விட்டுவையுங்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கோபுரத்தை டிரோன் படத்தில் நாலு கோணத்தில் பார்த்திருப்போம், நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று தெரிந்திருக்காது.

சரி, கட்டாயம் விசாரிக்க வேண்டியவை எவை?

முதலில் ரயில். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது, பழைய நினைவில் சீக்கிரம் போய் உட்கார வேண்டாம். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு இரவில் ஏறி விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கும் உழவன் எக்ஸ்பிரஸ் வசதி. அது கிடைக்காவிட்டால் தட்கல்: முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி.

அடுத்து கோயில் நேரம். இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தி மாலை நாலு மணிவாக்கில் திறக்கும். கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். ஆகவே நாளில் இரண்டு துண்டுதான் உங்கள் கையில்.

மூன்றாவது, ஆறு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. "காவிரிக் கரையில் உட்கார வேண்டும்" என்று ஆசையோடு மே மாதம் வந்துவிட்டு, கண்ணுக்கு எட்டியவரை மணலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மேட்டூர் அணையைக் குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12ஆம் தேதி திறந்து, ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம். இருப்பு குறைவாக இருந்தால் திறப்பு தள்ளிப்போகும். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவும் சில நாள் ஆகும். அதனால் ஜூன் தொடக்கத்திலிருந்து செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள். கல்லணையில் ஆறு பிரிகிற இடத்தில் நுரையோடு தண்ணீர் பாய்வதைப் பார்க்க, அந்த ஒற்றைச் செய்தி எந்தப் பயண வீடியோவையும்விட உதவும்.

திருவிழாக் கூட்டம் எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்தப் பக்கத்துக்கு அதைவிட நல்ல பயணக் கையேட்டை நான் கண்டதில்லை. பிரதோஷமா? பெரிய கோயிலில் மாலை நந்தியைச் சுற்றிக் கூட்டம் நெரியும். சுபமுகூர்த்தமா? கும்பகோணத்தில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் பக்கத்து மண்டபத்தின் நாதஸ்வரம் நாலு மணிக்கே எழுப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலமா? திருநாகேஸ்வரம் பக்கம் போகாதீர்கள், அல்லது அதற்காகவே போங்கள். குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடி, சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாறு.

ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். அந்தப் பெரிய லிங்கத்தைச் சோற்றால் மூடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர் அன்றைக்கு ஒதுங்கலாம். தெரியாமல் போய் மாட்டிக்கொள்வதும், தெரிந்தே போய் நிற்பதும் ஒரே கூட்டந்தான், ஆனால் மனம் படும் பாடு வேறு.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் கும்பகோணத்து மகாமகம் அடுத்து வருவது 2028இல். அந்த மாசியில் "சும்மா போய்ப் பாத்துக்கலாம்" கட்சிக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

படம் பார்க்கக் கூடாது, சரி. வரலாறும் படிக்கக் கூடாதா?

இங்கேதான் என் கணக்கு கொஞ்சம் இடிக்கும். படிக்காமல் போனால் ஒன்றுமே கண்ணில் படாத இடங்கள் உண்டு.

மறுபடி தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. கருவறையின் வெளிச்சுவரில், அடிப்பக்கத்தில், குனிந்து பார்க்க வேண்டிய உயரத்தில் அறுபத்துமூவர் கதைகள் சின்னச் சின்னப் பலகைகளாக ஓடுகின்றன. பெரியபுராணக் கதை தெரியாதவருக்கு அது வெறும் பொம்மை வரிசை. தெரிந்தவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டே போவார்: இது கண்ணப்பர், இது முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்கும் சுந்தரர். என் அம்மா அப்படித்தான் ஒரு காலை முழுக்க அந்தச் சுவரைச் சுற்றினார். கோயில் வரலாறு, ஆண்டு, அரசன் பெயர் எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. பாட்டி சொன்ன கதைகள் மட்டுந்தான். ஒரு பலகை அடையாளம் தெரிந்ததும் "அட, இவரு!" என்பார், தெருவில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல.

கங்கைகொண்ட சோழபுரத்திலும் அப்படி ஒன்று உண்டு. வடக்குப் பக்கப் படியருகே சிவன் ஒரு அடியாரின் தலையில் பூமாலையைச் சுற்றிவிடுகிறார். கதை தெரிந்தால் அந்த அடியார் அறுபத்துமூவரில் ஒருவரான சண்டேசர் என்பது புரியும். கோயிலைக் கட்டிய ராஜேந்திரனையே மனத்தில் வைத்துச் செதுக்கியது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்தால் ஐந்து நிமிஷம் கூடுதலாக நிற்பீர்கள்.

ஆகவே கதையைப் படியுங்கள், படத்தைப் பார்க்காதீர்கள். கதை கண்ணைத் திறந்துவிடும், எங்கே இருக்கிறது என்று தேடுகிற வேலை உங்களுக்கு மிச்சமிருக்கும். படம் அந்த வேலையையும் பிடுங்கிக்கொள்ளும்.

இணையத்தில் படிக்கிற அதிசயத் தகவல்களை நம்பலாமா?

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று படித்திருப்பீர்கள். நான் பள்ளியிலேயே கேட்டது. விழும். மாலை நாலரைக்குப் போய் நின்று பாருங்கள், உங்கள் மேலேயே விழும், அந்த வெயிலுக்கு நன்றாகவும் இருக்கும். அந்த மாபெரும் நந்தியும் ராஜராஜன் வைத்தது என்றே நினைத்துப் படம் எடுக்கிறார்கள். இப்போது இருப்பது நாயக்கர் காலத்தது.

1010இல் முடித்த கோயில், ஏறக்குறைய 200 அடி உயர விமானம், அவ்வளவும் கருங்கல். கருங்கல் மலை எதுவும் பக்கத்தில் இல்லாத வயல்காட்டில். உண்மையே இவ்வளவு இருக்கும்போது எதற்கு நிழல் கதை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம்?

காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. அதுவே அதிகம். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில் சுற்றுபவர்கள் உண்டு. அது வேண்டுதல், அதில் எனக்கு வாதம் இல்லை. பார்ப்பதற்காகப் போகிறவர் அப்படி ஓடினால் காரின் ஜன்னல்தான் நினைவில் நிற்கும்.

மூன்று நாளில் ஒரு அரை நாளை எதுவும் எழுதாமல் விட்டுவையுங்கள். அதனால் எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். சுவாமிமலையில் ஒரு பிற்பகல் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பட்டறைத் திண்ணையில் ஒருவர் மெழுகில் விரல் செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகு. நடராஜரின் சுண்டுவிரல், சூடான கத்தி முனையால். நின்று பார்த்தேன், உட்காரச் சொன்னார். மெழுகுச் சிலைமேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்துபோவதால் அதேபோல் இன்னொன்று வராது. எல்லாம் சொல்லிவிட்டு, "நாளைக்குக் காலையில வாங்க, ஒண்ணு ஊத்துறோம்" என்றார்.

மறுநாள் காலை என் தாளில் காலியாக இருந்தது. போனேன். குழிக்குள் இறக்கிய அச்சில் கொதிக்கும் உலோகம் ஒரே சீராக இறங்கியது, ஊற்றி முடியும்வரை யாரும் பேசவில்லை. பச்சை நிறத்தில் ஒரு தீநாக்கு எழுந்து அடங்கியது. அன்றைக்கு மட்டும் நான் ஏழரைக்கு இன்ன கோயில் என்று எழுதி வைத்திருந்தால், "பரவால்ல அண்ணே, அடுத்த தடவ" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

சாப்பாட்டுக்கு நட்சத்திர மதிப்பீடு பார்த்துப் போகலாமா?

நெடுஞ்சாலை முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி போர்டுதான், கும்பகோணத்தில் இருப்பதைவிட அதிகம். பித்தளை டபராவை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். ஊருக்குள் ஆட்டோக்காரரிடம், "நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் ஏசி இருக்கிற இடத்தைத்தான் காட்டுவார்.

இட்லிக்குக் கடப்பா இருக்கிறதா என்றும் கேட்டுப்பாருங்கள். தரைக்குப் போடுகிற கல் இல்லை. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு வைக்கிற ஒரு தொடுகறி. எல்லா நாளும் எல்லா இடத்திலும் கிடைக்காது. திருவையாறு வழியாகப் போனால் அசோகா, அதுவும் பாசிப்பருப்புதான், ஆனால் அல்வா. ருசி எப்படி என்று எழுதப்போவதில்லை.

வயதானவர்களும் குழந்தைகளும் வந்தால்?

எக்செல் கட்சிக்கு மாறிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். கழிப்பறை எங்கே, வண்டி எதுவரை போகும், எத்தனை படி ஏற வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பத்து மணிக்குமேல் பெரிய கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடக்கவைக்காதீர்கள். வயதானவருக்கு எதிர்பாராத நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் இடறி விழுவதுதான்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். "இந்தச் சுவரில் எங்கேயோ குரங்கு இருக்கு, கண்டுபிடி" என்றால் அரை மணி நேரம் போகும். குரங்கு இல்லாவிட்டாலும் வேறு எதையாவது கொண்டுவந்து காட்டும்.

கூகுள் மேப் போதுமா?

பெரிய சாலைக்குப் போதும். டெல்டாவில் அது காட்டும் குறுக்குவழி சில சமயம் வாய்க்கால் கரை. எதிரில் அறுவடை இயந்திரம் வந்தால் ஒரு கிலோமீட்டர் ரிவர்ஸ்தான். தை, மாசியில் பாதிச் சாலையில் நெல் காயும்.

சின்னக் கோயில்களுக்கு மேப் கதவுவரைதான் கொண்டுவிடும். அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் புள்ளமங்கை இருக்கிறது, முதலாம் பராந்தகன் காலத்துக் கோயில். பெரிய கோயிலைப் பார்த்துக் கழுத்து வலித்தவர்கள் அங்கே போய் உள்ளங்கை அளவுச் சிற்பங்களைப் பார்க்கட்டும். இப்படிப்பட்ட ஊர்களில் பூட்டியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். குருக்கள் வீடு எது என்று எதிர்வீட்டில் கேட்டால் ஒரு பையனை அனுப்பிச் சாவி வாங்கித் தந்ததும் உண்டு, "இன்னைக்கு அவர் ஊருல இல்லீங்க" என்றதும் உண்டு.

தனியாகப் போகும் பெண்ணுக்கும் இதேதானா?

என் தங்கை தனியாகப் போகிறவள். அவள் கணக்கைச் சொல்கிறேன். போய்ச் சேருவது பகல் வெளிச்சத்தில். முதல் இரவு அறை உறுதி, ஹோட்டலுக்குப் போன் பண்ணி ஒரு தடவை பேசியும் வைப்பாள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையிலேயே நடத்துனரிடம் கேட்டுக்கொள்வாள். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் இடையில் மனம்போல அலையத் தைரியம் வருகிறது என்பாள். எனக்கு அந்த மூன்றாவது பழக்கம் முன்பு கிடையாது, ஒருமுறை அணைக்கரையில் இரவு எட்டு மணிக்கு நின்ற பிறகுதான் வந்தது.

ஒருவருக்குத் திட்டம் வேண்டும், இன்னொருவருக்குப் பிடிக்காது. வீட்டில் சண்டை. என்ன செய்வது?

காலை திட்டக்காரருக்கு, மாலை மற்றவருக்கு. மதியம் இருவரும் தூங்குங்கள், எப்படியும் நடை சாத்தியிருக்கும்.

ஊட்டி, கொடைக்கானலுக்கும் இந்தக் கணக்கு சரிவருமா?

அங்கே கதவு இன்னும் முன்னாலேயே இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டுக்கும் இ-பாஸ் வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மலையேறியபின் மூடுபனி விலகுமா விலகாதா என்பதை யாரும் முன்பதிவு செய்ய முடியாது, அந்த மட்டில் நல்லது.

திரும்பி வந்தபிறகு படிப்பதில் என்ன இருக்கிறது?

எனக்கு அதுதான் பிடித்த பகுதி. பெரிய கோயில் கருவறையைச் சுற்றி ஒரு இருண்ட உள்சுற்றுப் பாதை உண்டு. அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருந்ததை 1931இல் கண்டுபிடித்தார்கள். வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகும் சுந்தரர், கூடவே குதிரையில் சேரமான் பெருமாள். பொதுமக்களை அந்தப் பாதைக்குள் விடுவதில்லை. இதையெல்லாம் நான் படித்தது மூன்று முறை போய்வந்த பிறகு. நாலாவது முறை கருவறைக்கு முன் வரிசையில் நிற்கும்போது, தீபாராதனையைவிட்டு அந்தப் பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர் முதுகில் தட்டி, "சாமி அங்க இருக்கார் சார்" என்றார்.

இவ்வளவையும் படித்தபின் ஆச்சரியப்பட என்ன மிச்சம்?

கும்பகோணத்திலேயே நாகேஸ்வரன் கோயில் என்று ஒன்று இருக்கிறது. இதுவரை அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, மறதி இல்லை. கருவறையின் வெளிச்சுவரை ஒரு சுற்று சுற்றுங்கள், மெதுவாக. பன்னிரண்டு மணிக்குள் போய்விடுங்கள்.